ஒரு செபத்தின் நீளம்

குழாயின் கீழ் இரண்டு கைகள் ஒன்றையொன்று விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தன. விரலிடுக்கு, நகக்கண், பெருவிரலின் அடி, மணிக்கட்டு என்று நுரை போகாத இடமில்லை. மோதிர விரலில் மோதிரம் இல்லை. அது கிடந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் இருந்தது. கழுவி முடிந்ததும் முழங்கை குழாயின் பிடியைத் தட்டி மூடியது. தாளில் ஒற்றிய கைகள் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தபடி, வழியில் எதையும் தொடாமல் அறைக்குள் வந்தன.

தூசி பறக்காதபடி காற்றாடி அப்போதுதான் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் இறக்கைகள் கடைசிச் சுற்றையும் சுற்றி ஓயும் வரை கைகள் காத்து நின்றன. கடற்பக்க யன்னலும் சாத்தியிருந்தது. வெள்ளவத்தையில் பின்னேரத்தில் காற்றாடியையும் யன்னலையும் ஒருமிக்க மூடினால் அறை புட்டுப்பானைதான். கையுறை போட்டதும் அதற்குள் வியர்வை ஊறியது. புருவத்தில் வந்து நின்ற துளியைத் துடைக்கக் கை போகவில்லை.

"இண்டைக்கு என்ன சாப்பாடு மிஸ்?" என்று கட்டிலில் சாய்ந்திருந்த பெண் கேட்டாள்.

"பால்சோறு."

"நேத்தும் பால்சோறு."

"நேத்து உறைப்புக்குக் கட்டச்சம்பல் இருக்கேல்ல. வாயை மூடி மற்றப் பக்கம் திரும்புங்க மகள்."

அவள் சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுடைய வலது காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சிலிருந்து மெல்லிய வெள்ளைக் குழாயொன்று வெளியே வந்து தொங்கியது. கைகள் அதன் கிளிப் இறுகியிருக்கிறதா என்று பார்த்தன. நுனியிலிருந்த மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தோய்ந்த சிறு துணியால் குழாயின் வாயைப் பொத்திப் பிடித்து, தோடம்பழம் பிழிவதுபோலத் திருகித் திருகித் தேய்த்தன. தேய்க்கத் தொடங்கிய அதே கணத்தில் முகக்கவசத்துக்குள் ஒரு முணுமுணுப்பும் தொடங்கியது. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்ற செபம். 'ஆமென்' வந்ததும் தேய்ப்பு நின்றது.

பிறகு கொஞ்சம் காயவிட்டு, சிரிஞ்சால் சேலைனைத் தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி உள்ளே விட்டு, பால் நிறப் பையிலிருந்து வந்த குழாயை இதன் வாயோடு திருகி, கிளிப்பைத் திறந்து, பம்பின் பொத்தானை அழுத்தியதும்தான் அந்தக் கைகளுக்கு உரியவள் மூச்சை விட்டாள்.

"காத்தாடியப் போடுங்க ராத்தா," என்றாள் கதவோரம் நின்ற மூத்த பெண்ணைப் பார்த்து. "அவியிறன்."

வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி கொட்டாஞ்சேனை மாக்ரெட்டை உட்கார்ந்த நிலையில் கண்டவர்கள் குறைவு. மாதா கோவிலில் பின்கதவோரம் நின்றுதான் பூசை காண்பாள். பஸ்ஸில் இருக்கை கிடைத்தாலும் இறங்கும் இடத்துக்கு வெகு முன்னமே எழும்பி வாசலுக்கு வந்துவிடுவாள். இத்தாலியிலிருந்து மகள் தொலைபேசியில் கதைத்தால் அறைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே கேட்பாள். "அம்மா, ஒரு இடத்தில நில்லுங்கோ, குரல் வெட்டுது" என்று மகள் சொல்லாத நாளில்லை. துறைமுகத்தில் சாமான் இறக்கிய தகப்பனிடமிருந்து வந்த சுபாவம் என்று ஒழுங்கையில் சொல்வார்கள். அவளுடைய உடம்பில் கைகள் மட்டும் வேறு ஒருவருடையவை போல இருந்தன. லைனைத் தொட்டுவிட்டால் அவற்றுக்கு அவசரமே தெரியாது.

லைன் என்பதுதான் அவளுடைய தொழிலில் அந்தக் குழாய்க்குப் பெயர். நெஞ்சுத் தோலுக்கு அடியால் ஊர்ந்து, பெரிய நரம்புக்குள் இறங்கி, இருதயத்தின் வாசலில் போய் நிற்கும். புற்றுநோய் வார்டில் வேலை செய்த வருடங்களில் அவள் அதைப் படித்தாள். குழாயின் வாயைக் கால் நிமிடமாவது தேய்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வார்டின் மணிக்கூடு அவளுடைய முதுகுக்குப் பின்னால் தொங்கியது. திரும்பி அதைப் பார்த்தால் கை விலகும், விலகிய கை எதிலாவது படும். கண் குழாயின் வாயில் இருக்க வேண்டும், நேரமும் தெரிய வேண்டும். ஒருநாள் வேலை முடிந்த பிறகு மணிக்கூட்டின் முன் நின்று, வீட்டில் செபமாலை சொல்லும் அதே ஆறுதலான வேகத்தில் ஒரு மரியே வாழ்க சொல்லிப் பார்த்தாள். கால் நிமிடம் நிறைந்து, கொஞ்சம் மிஞ்சியது. அன்றிலிருந்து அவளுடைய மணிக்கூடு வாயில் இருந்தது. அவள் பக்தியில் உருகுவதாகத்தான் நோயாளிகள் நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை, அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

கட்டிலில் இருந்தவள் நஸ்லா. பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். குடல் முறுக்கிக் கறுத்துப்போனதில் டொக்டர்மார் வெட்டி எடுத்தது பெரும்பங்கு. மிஞ்சியது ஒரு முழம்கூட இராது. வாயால் சாப்பிட்டால் ருசி தெரியும், உடம்பில் ஒட்டாது. அதனால் சாப்பாடு இரவு முழுக்க அந்த வெள்ளைப் பையிலிருந்து நேரே இரத்தத்துக்குள் போனது. பின்னேரம் மாக்ரெட் வந்து பூட்டுவாள். விடிய, சுபஹ் தொழுத கையோடு கணவன் ஜவாத் கழற்றுவான். அவனுக்கு அதைப் பழக்கியதும் மாக்ரெட்தான்.

இந்த லைன் நஸ்லாவுக்கு மூன்றாவது. முதலாவது ஆஸ்பத்திரியில் கிருமி பிடித்துப் போனது, இரண்டாவது இரத்தம் கட்டிப் போனது. கழுத்தின் இரண்டு பக்கமும் பழைய வழிகள் அடைபட்டுவிட்டன. இதை வைத்துவிட்ட அன்றே டொக்டர் சுதர்சினி ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "இதைக் கவனமாப் பாருங்கோ. இதுவும் போனால் மேல்பக்கத்தில இனி நல்ல நரம்பு இல்லை. அதுக்குப் பிறகு நடக்கிறது ஒண்டுக்கும் நான் பொறுப்புச் சொல்ல ஏலாது." நஸ்லாவுக்கு அது தெரியும். வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி ஒழுங்கையில் நடக்கும்போதெல்லாம் மாக்ரெட்டின் தலைக்குள் ஓடியதும் அந்த வார்த்தைதான்.

ஜவாத்தின் ராத்தா, அதாவது மூத்த சகோதரி மர்லியா, கணவன் மௌத்தாகித் தனித்த பிறகு தெமட்டகொடையிலிருந்து வந்து இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த முதல் வாரம் கதவோரம் நின்று மாக்ரெட்டின் வேலையைக் கவனித்தாள். பிறகொரு நாள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், ஒண்டு செல்லட்டா? கோவிக்கப்படாது."

"சொல்லுங்க ராத்தா."

"நீங்க ஓதுறீங்களே, நல்ல விஷயம். ஆனா கடைசில மரணம் எண்டு ஒண்டு வருது. நோயாளிட நெஞ்சுக்கு மேல குனிஞ்சுக்கிட்டு, ஒவ்வொரு நாளும், அதைச் செல்லத்தான் வேணுமா?"

"அது செபத்தில இருக்கிறது ராத்தா. இப்பவும் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் எண்டு."

"விளங்குது. நாங்களும் மௌத்த நெனைக்காம இல்ல. ஆனா அவ கண்ண மூடிக்கிட்டுப் படுத்து இரிக்கிறா. கேக்க எனக்கு நெஞ்சு அடிக்கிது."

மாக்ரெட் தேத்தண்ணியை நின்றபடியே குடித்தாள். அந்த வார்த்தைகளை அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். ஒருதரமும் அவை காதில் விழுந்ததில்லை. அடுத்த நாள் விழுந்தன. துணி குழாயின் வாயில் திருகிக்கொண்டிருக்க, நஸ்லாவின் காறையெலும்பு தோலைத் தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்த இடத்தில் வைத்து மரண நேரம் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. நடுவில் இரண்டு சொல்லை மட்டும் தூக்கினால் செபம் நொண்டியது. அதனால் பின்பாதி முழுவதையும் விட்டு, முன்பாதி முடிந்ததும் 'ஆமென்' சொன்னாள்.

குசினியில் நின்ற மர்லியா அதைக் கவனித்தாள். அன்று தேத்தண்ணியோடு ஒரு துண்டு வட்டிலப்பமும் வந்தது. மாக்ரெட்டுக்கும் அந்த வீட்டுக்கு ஒரு மரியாதை செய்துவிட்ட திருப்தி. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

மாக்ரெட்டிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பையைப் பூட்டிய பிறகு உடனே கிளம்பமாட்டாள். குழாய்க்குள் கிருமி குடியேறியிருந்தால், பை ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது இரத்தத்துக்குள் அடிபட்டுப் போய் நோயாளியை நடுக்கும். அந்த நடுக்க நேரம் கழியும் வரை அவள் அந்த வீட்டில் உலாவுவாள். பல்கனியில் நின்று ரயில் பார்ப்பாள். மர்லியாவின் கறிவேப்பிலைச் சாடியில் பழுத்த இலை கிள்ளுவாள். நஸ்லாவின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள்.

"மிஸ், கொஞ்சம் இரிங்களேன். உங்களப் பாத்தா எனக்குத்தான் களைக்கிது."

"இருந்தா எனக்குக் கால் உளையும்."

"பள்ளிக்கூடத்தில உங்களப் போல ஒரு பொடியன் இருந்தான். கடைசில அவன் பஸ் கண்டக்டரா போய்ட்டான்."

"நல்ல வேலை. நிண்டுகொண்டே சம்பளம்."

மழைக்காலம் தொடங்கிய ஒரு பின்னேரம் அப்படித்தான் கதைத்துவிட்டு, செருப்பை மாட்டிக் குடையை எடுத்த நேரத்தில் உள்ளேயிருந்து கட்டில் ஆடும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தாள். நஸ்லாவின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. போர்வையை இழுக்கப் பார்த்த விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

"குளிருது மிஸ்."

மாக்ரெட் பம்பை நிறுத்தினாள். கிளிப்பை இறுக்கினாள். கை கழுவி, பையைக் கழற்றி, மூடியைப் போட்டாள். கைகள் அப்போதும் ஆறுதலாகத்தான் வேலை செய்தன. "ஜவாத், காரை எடுங்க. ராத்தா, பையைக் கொட்டாதீங்க, அப்பிடியே எடுத்துக்கொண்டு வாங்க, அவையள் பரிசோதிப்பினம்." காரில் நஸ்லாவின் தலை அவளுடைய தோளில் கொதித்தது. காலி வீதியில் ஒவ்வொரு சிவப்பு வெளிச்சத்திலும் மாக்ரெட் இறங்கி ஓடிவிடுவாள் போல முன்னால் சரிந்தாள்.

"லைன் போகுமா மிஸ்?" என்று நஸ்லா கேட்டாள்.

"கதைக்காதீங்க மகள்."

ஆஸ்பத்திரியில் கையிலிருந்தும் லைனிலிருந்தும் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். கிருமி எது என்று தெரிந்தால்தான் லைனை விட்டுவைப்பதா கழற்றுவதா என்று சொல்லலாம், அதுவரை அதைத் தொட வேண்டாம் என்றார் டொக்டர் சுதர்சினி. பொல்லாத கிருமியாக இருந்தால் அதே நாளில் கழற்றத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து மாக்ரெட்டுக்குப் பின்னேரங்களில் செய்ய ஒன்றுமில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் சுத்தமாக இருந்த அலுமாரியை மறுபடி துடைத்தாள். சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பினாள். ஒவ்வொரு அசைவாக மனதில் ஓட்டிப் பார்த்தாள்: கை கழுவியது, கையுறை போட்டது, காற்றாடி நின்றது, தேய்த்தது, காயவிட்டது. ஒன்றிலும் பிழை தெரியவில்லை. தன் கையில் பிழை இல்லையென்றால் வேறு கையில் இருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் வீட்டில் நிற்க முடியவில்லை. கோட்டைக்குப் போய் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கினாள்.

முதலில் ஜவாத்திடம் கேட்டாள். விடிய எப்படிக் கழற்றுகிறீர்கள், காட்டுங்கள் என்றாள். அவன் நாற்பது வயது மனிதன், புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவன். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி வெறுங்கையால் காற்றில் எல்லாவற்றையும் செய்து காட்டினான். "கை கழுவாம ஒரு நாளும் தொட்டதில்ல மிஸ். தொழ ஒளு எடுத்த கையத்தான் மறுபடி சவக்காரம் போட்டுக் கழுவுறன்." அவனிடம் பிழை இல்லை.

பிறகு நஸ்லாவின் அறைக்குள் போனாள். கட்டில் விரிப்பை உதறினாள், யன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். தலைமாட்டு மேசையின் கீழ்த்தட்டில் ஒரு போத்தலும் அதன் கழுத்தில் சுற்றிய கைலேஞ்சித் துணியும் இருந்தன. போத்தலில் பாதிக்குத் தண்ணீர்.

"இது என்ன ராத்தா?"

மர்லியா கதவடியில் நின்றாள். "ஓதின தண்ணி. பள்ளிவாசல்ல குடுத்து ஓதி எடுத்த."

"இதால எங்க துடைச்சீங்க?"

"நெத்தியில. சூடா இரிக்கிற நேரம் கழுத்தில."

"கழுத்தில." மாக்ரெட் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எவ்வளவு நாளாத் திறந்து மூடின தண்ணி இது? கழுத்தில வைச்சா கீழ வழியாதா? டிரெஸ்ஸிங் ஓரத்தில ஈரம் போகாதா? நான் வியர்வையில செத்துக்கொண்டு காத்தாடியை மூடி வேலை செய்யிறன். நீங்க பின்னால வந்து பச்சைத்தண்ணி ஊத்துறீங்க. அந்தப் பிள்ளைக்கு வேற நரம்பு இல்லை ராத்தா, தெரியுமா உங்களுக்கு?"

"அந்தப் பக்கமே போகல்ல மிஸ். அந்த ஒட்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான்..."

"ஒரு சாண் எண்டு கிருமிக்குத் தெரியுமா?"

மர்லியா நிலையை விட்டு உள்ளே வந்து போத்தலை அவளுடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டு பல்கனிக்குப் போனாள். ஓதிய தண்ணீரைக் கால்படும் இடத்திலோ கழிவுக் கானிலோ ஊற்றமாட்டார்கள். கறிவேப்பிலைச் சாடியின் அடியில், ஒரு சொட்டு வெளியே தெறிக்காமல், கடைசி வரை மெல்ல ஊற்றினாள். பிறகு வெறும் போத்தலோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தேத்தண்ணி வரவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துத்தான் மாக்ரெட் ரயில் ஏறினாள். ஆனால் அமைதி மட்டும் வரவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு இருக்கை காலியாகியும் அவள் கதவடியிலேயே நின்றாள். மர்லியா சொன்னது உண்மை, டிரெஸ்ஸிங் ஓரம் அன்று நன்றாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தது அவளுடைய கண்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிவு வந்திருந்தது. நஸ்லாவின் கட்டிலருகே டொக்டர் சுதர்சினி நின்றுகொண்டிருந்தார்.

"தோலில சாதாரணமா இருக்கிற கிருமிதான். பொல்லாததில்லை," என்றார். "லைனைக் கழற்றாமல் பார்ப்பம். குழாய்க்குள்ளேயே மருந்தை நிரப்பி மூடி வைக்கிறம். ரெண்டாவது பரிசோதனை சுத்தமா வந்தால் வீட்டுக்குப் போகலாம். வராட்டிக் கழற்றுறதுதான்." பிறகு மாக்ரெட்டைப் பார்த்து, "வெளியில டிரெஸ்ஸிங் பக்கம் நல்லா இருக்கு. சிவப்பு இல்லை, ஒண்டும் இல்லை. கிருமி வந்தது தோல் வழியா இல்லை, குழாயின்ர வாய் வழியா எண்டுதான் நான் நினைக்கிறன். வாயை எவ்வளவு நேரம் தேய்க்கிறனீங்கள்?"

"ஒரு மரியே வாழ்க டொக்டர். வார்டில இருந்த காலத்திலயிருந்து அதுதான் கணக்கு. கால் நிமிஷத்துக்கும் கூட வரும்."

"அது நல்ல கணக்குத்தான்," என்று சிரித்துவிட்டு டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நஸ்லா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது.

"மதினியை ஏசினீங்களாமே மிஸ்."

"ஆர் சொன்னது?"

"இவர்தான். மதினி ஒண்டும் செல்ல மாட்டா." தலையைத் திருப்பி, "மிஸ், ஒண்டு கேக்கட்டா? நீங்க இப்ப முழுசா ஓதுறீங்களா?" என்றாள்.

"ஏன்?"

"நீங்க ஓதக்குள்ள நானும் உள்ளுக்குள்ள பாத்திஹா சூறா ஓதுவன். பயத்துக்குத்தான். முந்தி ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் முடிப்பம். நான் ஆமீன் செல்லக்குள்ள உங்கட துணி நிக்கும். இப்ப கொஞ்ச காலமா நான் பாதியில நிக்கிறன், நீங்க சேலைன் எடுக்கிறீங்க."

மாக்ரெட்டின் கை கட்டில் கம்பியைப் பிடித்தது.

"ஏன் மகள் அப்பவே சொல்லேல்ல?"

"நீங்க வேல தெரிஞ்ச மிஸ். கை பழகிட்டு, வேகம் கூடிட்டு எண்டு நெனச்சன். நான்தான் இழுத்து ஓதுறனோ எண்டும் நெனச்சன்."

மாக்ரெட் வெளியே வந்தாள். நடைவழியின் முனையில் ஒரு மணிக்கூடு தொங்கியது. அதன் கீழே போய் நின்று, நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு, மர்லியாவுக்காக வெட்டிய செபத்தைச் சொன்னாள். முள் அசைந்து கொஞ்ச தூரம் போவதற்குள் 'ஆமென்' வந்துவிட்டது. மறுபடி சொன்னாள். மறுபடியும் அப்படித்தான். தள்ளுவண்டியோடு வந்த ஒருவன், "நோனா, பொட்டக் அயின் வென்ன," என்று சிங்களத்தில் கொஞ்சம் விலகச் சொன்னான். அவள் விலகாமல் நின்றாள். அவன் சுற்றிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது டொக்டர் நடைவழியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மாக்ரெட் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை.

டொக்டர் பேனையை மூடினார். "இதாலதான் வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது அக்கா. ஆனா கதவு பாதி திறந்து கிடந்திருக்கு. இனிச் சாத்துங்கோ. மணிக்கூடு பாவிக்க விருப்பமில்லையோ?"

"கண் அங்க போனா கை பிழைக்கும் டொக்டர்."

"அப்ப செபத்தை முழுசாச் சொல்லுங்கோ."

வெள்ளவத்தை வீட்டில் மர்லியா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மாக்ரெட் கதவைத் தட்டாமல் உள்ளே போய் நின்றாள்.

"ராத்தா, உங்கட தண்ணியில பிழை இல்லை."

கத்தி நிற்கவில்லை.

"பிழை என்னில. நீங்க கேட்டீங்க எண்டு செபத்தைப் பாதியில வெட்டினன். அதுதான் எனக்கு நேரக்கணக்கு எண்டதை மறந்து போனன். தேய்க்கிறது அரைவாசியாக் குறைஞ்சு போச்சு. அதைப் பாக்காம உங்களைப் பிடிச்சு ஏசினன்."

மர்லியா கத்தியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தானா என்று சொல்ல முடியவில்லை. "அப்ப நான்தானே அதைக் குறைக்கச் சென்ன," என்றாள்.

"நீங்க சொன்னது செபத்தை. தேய்க்கிறதைக் குறைக்கச் சொல்லேல்ல."

"எனக்கு அது மணிக்கூடு எண்டு தெரியாதே."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே மறந்துட்டுது."

வெட்டிய வெங்காயம் ஒருபக்கம் ஒதுங்கியது. "இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்," என்றாள் மர்லியா. மாக்ரெட் அன்று உட்கார்ந்தாள். கால் உளைந்தது. எழும்பவில்லை.

இரண்டாவது பரிசோதனை சுத்தமாக வந்தது. லைன் நஸ்லாவின் நெஞ்சிலேயே வீடு திரும்பியது. ஆனால் மாக்ரெட்டை அது ஆற்றவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது. வீட்டில் அவளுடைய கைதான். குழாயின் உள்சுவரில் ஏதும் ஒட்டிக்கொண்டு மிஞ்சியிருந்தால், பை ஓடத் தொடங்கும் முதல் மாலையில் அது தெரிந்துவிடும். அந்த மாலைக்காக அவள் வழக்கத்துக்கு முந்திய ரயிலிலேயே வந்து இறங்கி, ஒழுங்கையின் முனைவரை போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பினாள்.

கை கழுவினாள். காற்றாடி ஓய்ந்தது. யன்னல் சாத்தப்பட்டது. ஜவாத் வெளியே போனான். மர்லியா, "நான் குசினில இரிக்கிறன்," என்றாள்.

"எங்கயும் போக வேணாம் ராத்தா. அங்கயே நில்லுங்க. முகத்தை மட்டும் மறைச்சுக்கொள்ளுங்க."

மர்லியா முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு நிலையோடு சாய்ந்து நின்றாள்.

"இண்டைக்கு என்ன சாப்பாடு மிஸ்?" நஸ்லாவின் குரல் மெல்லியதாக வந்தது.

"முடிய சொல்றன். திரும்புங்க."

மூடி கழன்றது. துணி குழாயின் வாயைப் பிடித்தது. மாக்ரெட் முன்பாதியைச் சொன்னாள். பழகிய இடத்தில் நாக்கு 'ஆமென்' பக்கம் சாயப் பார்த்தது. விரல்கள் மட்டும் நிற்காமல் திருகின. அவள் மூச்சை எடுத்துப் பின்பாதியைத் தொடங்கினாள். மரண நேரம் என்ற இடம் வந்தபோது குரலைத் தாழ்த்தவுமில்லை, விழுங்கவுமில்லை. கதவடியில் மர்லியாவின் கை நிலையை இறுக்கிப் பிடித்தது தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த நஸ்லாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்த உதடுகளும் துணியும் ஒன்றாக நின்றன.

குழாயின் வாயைக் காயவிட்டாள். பிறகு சேலைன், பிறகு பை, பிறகு கிளிப். பம்ப் ஓடத் தொடங்கியது.

காற்றாடியைப் போட்டுவிட்டு மாக்ரெட் உலாவினாள். பல்கனிக்குப் போனாள், வந்து பாதத்தைத் தொட்டாள். குசினிக்குப் போனாள், வந்து நெற்றியைத் தொட்டாள். கரையோரம் தெற்கே போகும் ரயில் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு போனது. கறிவேப்பிலைச் சாடியில் ஒரு பழுத்த இலைகூட மிஞ்சவில்லை. பச்சையையும் இரண்டு கிள்ளிவிட்டாள். பொழுதுபட, பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மர்லியா தொழுதுவிட்டு வந்து, பாயைச் சுருட்டாமலே கட்டிலடியில் உட்கார்ந்தாள். ஜவாத் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

"மிஸ்," என்றாள் நஸ்லா.

மாக்ரெட் ஒரே எட்டில் வந்தாள். "குளிருதா?"

"இல்ல. வேர்க்கிது. காத்தாடிய இன்னும் கூட்டுங்க."

கையை எடுத்துப் பார்த்தாள். சூடு இல்லை. நகங்கள் ரோசா நிறத்தில் இருந்தன. அவள் வழமையாகக் கிளம்பும் ரயிலை விட்டாள், அடுத்ததையும் விட்டாள். நடுக்க நேரம் வந்து, ஒன்றும் செய்யாமல் கழிந்து போனது.

பம்பையும் வெள்ளைப் பையையும் உள்ளே வைத்துத் தோளில் கொழுவிக்கொள்ள, ஆஸ்பத்திரி நாட்களில் மர்லியா பழைய சட்டைத் துணியில் ஒரு பை தைத்து வைத்திருந்தாள். மாக்ரெட் இரண்டையும் அதற்குள் இறக்கினாள். குழாய் மடியாமல் வளைத்து விட்டாள், நெஞ்சில் இழுபடாமல் ஒரு சுற்றுத் தளர்த்தி ஒட்டினாள். வாரை இழுத்துப் பார்த்தாள். தையல் தாங்கியது.

"சாப்பாடு என்ன எண்டு இன்னும் செல்லல்லையே," என்றாள் நஸ்லா எழுந்து உட்கார்ந்து.

"பால்சோறு. கட்டச்சம்பலோட," என்று சொல்லி, பையின் வாரை மாக்ரெட் அவளுடைய கையில் கொடுத்தாள்.